பாரீசிலிருந்து நெட்டப்பாக்கத்துக்கு

1951இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரீஸ் நாடாளுமன்றம் சென்றவர் எதுவார் குபேர். பிரெஞ்சு ஆட்சியின் தூண் என்று பெயரெடுத்தவர். அவரே 1954 மார்ச் 31 அன்று புதுச்சேரிப் பகுதியின் நெட்டப்பாக்கம் கிராமத்தில் இந்தியக் கொடியேற்றினார். பச்சைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள். இருக்கட்டும், அவர் மனத்தை யார் அளப்பது? ஆனால் அவர் அணி மாறியதை மட்டும் பேசினால், கொம்யூன்கள் எனப்பட்ட உள்ளாட்சிப் பகுதிகள் கணக்கில் வராமல் போகும். திருக்கனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு எல்லை தாண்டினால் இந்தியா. உறவும் சந்தையும் அங்கேதான். அந்தக் கிராமங்களின் அழுத்தமின்றி எந்தத் தலைவரும் நகர்ந்திருக்க மாட்டார். புதுச்சேரி நகரத்தை விட்டு குபேர் கிராமத்தில் கொடியேற்றியதே இதற்குச் சான்று. அவ்வாண்டு அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 உள்ளூர்ப் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைப்பையே விரும்பினர். குபேர் 1963இல் புதுச்சேரியின் முதல்வரானார். அடுத்த ஆண்டே பதவி போயிற்று.