ட்ரீ வியூ

ட்ரீ வியூ அல்லது மரக்காட்சி என்பது, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய தகவல்களைக் கிளைகளாகக் காட்டும் இடைமுகக் கூறு. வேண்டிய கிளையை மட்டும் விரித்துப் பார்க்கலாம். வேண்டாதபோது மடக்கி வைக்கலாம். கணினியில் கோப்புறைகளை உலவும்போது திரையின் இடப்பக்கம் தெரியும் அடுக்குப் பட்டியல் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. மின்னஞ்சல் பெட்டிகள், கணக்குத் தலைப்புகள், தரவுத்தள அட்டவணைகள், நிரலின் வகுப்புகள் என மேல்-கீழ் உறவுள்ள எதையும் இதில் காட்டலாம். இதன் வளர்ச்சி முழுவதிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: மரத்தின் தரவு யாரிடம் இருக்க வேண்டும், அதைக் காட்டும் கூறிடமா, செயலியிடமா?

உறுப்புகளும் இயக்கமும்

மரக்காட்சியின் ஒவ்வொரு வரியும் ஒரு கணு. எல்லாவற்றுக்கும் மேலிருப்பது வேர்க்கணு. ஒரு தாய்க்கணுவுக்குப் பல சேய்க்கணுக்கள் இருக்கலாம். ஒரு சேய்க்குத் தாய் ஒன்றே. சேய் இல்லாத கணு இலை எனப்படும். கணுவின் முன்னால் விரிப்புக்குறி, அதையடுத்து ஐகான், பிறகு பெயர் என்பது வழக்கமான அமைப்பு. விசைப்பலகையில் வலது அம்பு கிளையை விரிக்கும். ஏற்கெனவே விரிந்திருந்தால் முதல் சேய்க்கு நகரும். இடது அம்பு மடக்கும். மடங்கியிருந்தால் தாய்க்குத் திரும்பும். விண்டோஸில் எண்விசைப் பகுதியின் நட்சத்திர விசை, தேர்ந்த கணுவின் கீழுள்ள கிளைகள் அனைத்தையும் விரிக்கும்.

தனிக்கூறாகும் முன்

படிநிலைக் கோப்பமைப்பு, மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக ஆர். சி. டேலியும் பி. ஜி. நியூமனும் 1965இல் வெளியிட்ட ஆய்வுரையில் தெளிவான வடிவம் பெற்றது. அந்த ஏற்பாட்டை யூனிக்ஸ் உலகெங்கும் பரப்பியது. ஆனாலும் பயனர் அதை மரமாகக் கண்ணால் பார்க்கவில்லை. பாதையைத் தட்டச்சு செய்தே கிளைக்குக் கிளை சென்றார்.

விரித்தலும் மடக்கலும் வேறு வழியில் வந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் என்எல்எஸ் அமைப்பைச் செய்துகாட்டினார். கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகைவகையாகப் பிரித்து, தலைப்புகளை மட்டும் நிறுத்தி உள்விவரத்தை மறைக்கவும் மீண்டும் காட்டவும் அதில் முடிந்தது. 1983இல் டேவ் வைனரின் லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் ஆப்பிள் II கணினிக்குக் கொண்டுவந்த திங்க்டேங்க், இந்தக் கருத்தைச் சிறு கணினிப் பயனர்களிடம் சேர்த்தது.

அதே 1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்வட்டுடன் வந்தது. உடன் வந்த டாஸ் 2.0, கோப்புறைக்குள் கோப்புறை வைக்க வழிசெய்தது. வட்டு பெரிதாகப் பெரிதாக எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே வேலையானது. 1985இல் வெளியான எக்ஸ்ட்ரீ, எழுத்துகள் மட்டுமே தெரியும் திரையில் கோடுக்குறிகளைக் கொண்டு வட்டின் மரத்தை வரைந்து காட்டியது.

1990இல் விண்டோஸ் 3.0 உடன் ஃபைல் மேனேஜர் வந்தது. அதன் பின்னாளைய பதிப்பின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2018இல் பொதுவில் வெளியிட்டதால், அக்கால நிரலாளர்கள் மரத்தை எப்படி உருவாக்கினார்கள் என்பதை இன்று வரிவரியாகப் படிக்கலாம். அங்கே மரத்துக்கென்று ஒரு கூறு இல்லை. இருப்பது லிஸ்ட் பாக்ஸ் என்ற சாதாரணப் பட்டியல் கூறு. கணு எத்தனையாம் மட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப உள்தள்ளி, இணைப்புக் கோடுகளை இழுத்து, ஐகானை இட்டு, ஒவ்வொரு வரியையும் செயலியே வரைகிறது. கிளையை விரித்தால் சேய்கள் அந்த வரிக்குக் கீழே செருகப்படுகின்றன, மடக்கினால் நீக்கப்படுகின்றன. விரிக்கக்கூடிய கிளைகளைக் கூட்டல் குறியால் காட்டுவது மெனுவில் ஒரு விருப்பத்தேர்வாக இருந்தது. குறி போட வேண்டுமானால் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். அது வட்டுக்குக் கூடுதல் வேலை. ‘சேய் உண்டா?’ என்ற சிறு கேள்வியின் விலை அப்போதே தெரிந்துவிட்டது. 1991இல் ஆப்பிளின் சிஸ்டம் 7, ஃபைண்டரின் பட்டியல் காட்சியில் சிறு முக்கோணங்களை வைத்து அதே வேலையைச் செய்தது.

விண்டோஸ் 95

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95, காம்சிடிஎல்32 என்ற பொது நிரலகத்தில் ட்ரீ வியூவை எல்லாச் செயலிகளும் பயன்படுத்தும் கூறாக வைத்தது. எக்ஸ்புளோரரின் இடப்பக்க மரம் அதனால் ஆனது. கோடிழுக்கும் வேலை நிரலாளரிடமிருந்து விலகியது. புள்ளிக்கோடும் சதுரத்துக்குள் கூட்டல் குறியும் ஒரு தலைமுறைக்கே பழகிப்போயின. நிரலாக்கக் கருவிகளான விஷுவல் பேசிக் 4, டெல்பி 2 ஆகியவை இதைத் தம் கருவிப்பெட்டிகளில் சேர்த்தபின், கணக்கு மென்பொருள் எழுதுபவரும் சில வரிகளில் மரம் அமைக்க முடிந்தது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. கணுவைச் சேர்த்ததும் அதன் பெயரையும் நிலையையும் கூறு தன்னிடம் நகலாக வைத்துக்கொண்டது. உண்மையான தரவு செயலியில், நகல் திரையில். இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது நிரலாளரின் அன்றாடச் சுமையானது. இதைத் தணிக்க, விண்டோஸின் நிரல் இடைமுகமான வின்32 இரண்டு ஏற்பாடுகளைத் தந்தது. கணுவோடு செயலி தனக்கு வேண்டிய ஓர் எண்ணை, பெரும்பாலும் தன் தரவின் நினைவக முகவரியை, இணைத்து வைக்கலாம். பெயரையே கொடுக்காமல், ‘வரையும்போது என்னைக் கேள்’ என்றும் விட்டுவிடலாம். பின்னாளில் வரவிருந்த மாற்றத்தின் முளை அந்த இரண்டாம் ஏற்பாட்டில் இருக்கிறது.

தேவைப்படும்போது ஏற்றுதல்

முழு வட்டையும் தொடக்கத்திலேயே படித்து மரத்தில் நிரப்பினால் செயலி திறக்க நிமிடங்கள் ஆகும். ஆகவே மேல்மட்டத்தை மட்டும் நிரப்பி, பயனர் ஒரு கிளையை விரிக்கும் கணத்தில் அதன் சேய்களைப் படிப்பதே வழக்கமானது. இதற்கு ஒரு தடை உண்டு: சேய் இன்னும் சேராத கணுவுக்கு விரிப்புக்குறி வராது, குறி இல்லாவிட்டால் பயனர் விரிக்கமாட்டார். வின்32இல் ‘இதற்குச் சேய் உண்டு’ என்று வெறுமனே அறிவித்தாலே குறி வந்துவிடும். டெல்பியும் இதற்கென ஒரு பண்பைத் தந்தது. ஆனால் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் இடைமுக நிரலகமான விண்டோஸ் ஃபார்ம்ஸ் அந்த வழியை வெளியே காட்டவில்லை.

அங்கே பிறந்ததுதான் போலிக்கணு உத்தி. ஒவ்வொரு கோப்புறைக் கணுவின் கீழும் ஒரு பொய்யான சேயைச் சேர்த்துவிட வேண்டும். விரிப்புக்குறி தோன்றும். பயனர் அதைச் சொடுக்கியதும், விரியும் முன் எழும் நிகழ்வில், முதல் சேய் போலியா என்று பார்த்து, போலியென்றால் அதை நீக்கி, உண்மையான உட்கோப்புறைகளைப் படித்துச் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் மறுபடி ஒரு போலியை வைக்க வேண்டும். சேர்க்கும் நேரத்தில் திரை வரைவதை நிறுத்தி வைத்து முடிவில் ஒரேயடியாக வரையச் செய்தால்தான் மினுமினுப்பு இராது. உள்ளே ஒன்றுமில்லாத கோப்புறையிலும் குறி தெரிந்து, சொடுக்கியதும் மறைந்துபோவது இந்த உத்தியின் அடையாளம். எண்ணற்ற செயலிகள் இப்படித்தான் எழுதப்பட்டன.

மாதிரியும் காட்சியும்

காட்டும் கூறு தரவை வைத்திருக்கக் கூடாது, கேட்டுப் பெற வேண்டும் என்ற கொள்கை ஸ்மால்டாக் நிரல்மொழியின் காலத்திலிருந்து வருவது. மரக்காட்சியில் அதை முழுமையாக நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒன்று ஜாவாவின் ஸ்விங் நிரலகம். 1998 டிசம்பரில் வெளியான ஜேடிகே 1.2 உடன் வந்த ஜேட்ரீ, தன் தரவு மாதிரியிடம் அடிப்படையாகச் சில கேள்விகளே கேட்டது: வேர் எது, இந்தக் கணுவுக்கு எத்தனை சேய், இத்தனையாவது சேய் எது, இது இலையா. பதில் சொல்லத் தெரிந்த எந்தப் பொருளும் மரமாகத் திரையில் வரலாம். மேக் ஓஎஸ் எக்ஸின் என்எஸ்அவுட்லைன்வியூவும் இதே கேள்விகளைத் தன் தரவு மூலத்திடம் கேட்டது. இடைமுக நிரலகங்களான ஜிடிகே 2.0 இதை 2002இலும், கியூட்டி 4 இதை 2005இலும் தழுவின. கியூட்டியின் மாதிரியில், மேலும் சேய்கள் எடுக்க வேண்டியுள்ளதா என்று கேட்டு, தேவையானபோது எடுத்துவரச் சொல்லும் முறை உள்ளமைந்தே வந்தது. போலிக்கணுவுக்கு அங்கே வேலையில்லை.

இந்த மாற்றத்தால் ஒரே தரவை இரண்டு சாளரங்களில் காட்டுவதும், வடிகட்டிக் காட்டுவதும் எளிதாயின. பதிலுக்கு மாதிரி எழுதுபவரின் பொறுப்பு கூடியது. கணு சேர்வதையும் நீங்குவதையும் சரியான வரிசையில் காட்சிக்கு அறிவிக்காவிட்டால் மரம் தவறாகத் தெரியும். செயலி நின்றும் போகலாம்.

கணுக்களின் எண்ணிக்கை பெருகியபோது, திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் காட்சிப்பொருள் உருவாக்கும் மெய்நிகர் முறை தேவையானது. டெல்பி நிரலாளர்களுக்கு மைக் லிஷ்கே உருவாக்கிய விர்ச்சுவல் ட்ரீவியூ அதைக் கொடுத்தது. 2006இல் வந்த மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் நிரலகத்தின் மரத்துக்கு இந்த வசதி 2008இல்தான் சேர்ந்தது. இயல்பாக அது அணைந்தே இருக்கும், நிரலாளர் இயக்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்கள்

மரத்தைப் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிரப்புவது எளிது. ஆனால் பயனர் விரித்து வைத்த கிளைகள், தேர்ந்த வரி, உருட்டிய இடம் மூன்றும் போய்விடும். கணுவின் பாதையையோ தரவு எண்ணையோ நிலையான அடையாளமாக வைத்து, மாறியதை மட்டும் மாற்றுவதே பயனரை மதிக்கும் வழி. பிணையத்துக் கோப்புறையை இடைமுக இழையிலேயே படித்தால் சாளரம் உறைந்துவிடும். பின்னணி இழையில் படித்து, முடிவை மட்டும் இடைமுக இழையில் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ் விஸ்டா முதல், பழைய பாதைகளைக் காக்கும் இணைப்புகளில் ஒன்று தன் தாய்க் கோப்புறையையே சுட்டுகிறது. இப்படிப்பட்ட சுற்று, கிளை கிளையாக விரிப்பவரைத் தொல்லை செய்யாது. அனைத்தையும் விரிக்கும் கட்டளையோ அதில் சிக்கினால் வெளியே வர முடியாது. தேர்வுப்பெட்டிகளும் கவனம் கேட்பவை: சேய்களில் சில மட்டும் தேர்வானால் தாயின் பெட்டி எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு வின்32இன் தொடக்க வடிவம் விடை தரவில்லை, பகுதித் தேர்வு நிலை விஸ்டாவில்தான் சேர்ந்தது.

திரைவாசிப்பானைக் கொண்டு கணினியை இயக்குவோருக்கு உள்தள்ளலும் கோடும் பயனற்றவை. கணுவின் பெயர், மட்டம், விரிந்ததா மடங்கியதா என்ற நிலை ஆகியவற்றை நிரல்வழி அறிவித்தாக வேண்டும். இயங்குதளத்தின் சொந்தக் கூறுகள் இதைத் தாமே செய்கின்றன. சொந்தமாக மரம் வரைபவர் இதைச் செய்யாமல் விட்டால், அச்செயலி ஒரு பகுதி மக்களுக்கு மூடிய கதவு.

இன்றைய நிலை

2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4, மரத்தை ஒரே நீளப் பட்டியலாகத் தட்டையாக்கித் தரும் மாதிரியைக் கொண்டுவந்து, வரைவதைப் பட்டியல் கூறிடமே விட்டது. 2023இல் வெளியான 4.10 பதிப்பு பழைய ஜிடிகே ட்ரீவியூவைக் கைவிடத்தக்கது என அறிவித்தது. விஷுவல் ஸ்டுடியோ கோட் நிரல்திருத்தியில் மரம் காட்டும் நீட்சியை எழுதுபவர் தர வேண்டிய முக்கியப் பதில்கள் இரண்டு: இந்தக் கணுவின் சேய்கள் யார், இதை எப்படிக் காட்டுவது. நகலை நிரப்பித் தரும் வேலை, கேட்டால் பதில் சொல்லும் வேலையாகச் சுருங்கியிருக்கிறது. மரக்காட்சியைப் புதிதாகக் கற்பவர் விரிப்புக்குறியிலிருந்து தொடங்காமல், தம் தரவு இக்கேள்விகளுக்கு விரைவாக விடை தருமா என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. விடை விரைவாக வந்தால் லட்சம் கணுக்களும் தடங்கலின்றி விரியும்.