ஹூஸ்டன் நகரமும் புயல் வெள்ளமும்

சுழற்காற்று வருங்கால் கீழறையிற் பதுங்க வேண்டும். வெள்ளம் வருங்கால் மேலே ஏற வேண்டும். இவ்விரண்டும் ஒரே இரவில் ஒரே வீட்டை நோக்கி வருமாயின் குடும்பத் தலைவன் யாது செய்வான்? இது வெறுங் கற்பனை வினாவன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்ஸஸ் மாகாணத்து ஹூஸ்டன் மாநகரத்தார் 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி இரவு இதற்கு விடை காண வேண்டியவராயினர். அந்நகரத்திலும் அதனையடுத்த பியர்லாண்டிலும் தமிழ் மக்கள் பலர் குடியேறி, ஸ்ரீ மீனாட்சியம்மைக்கு ஆலயமும் உண்டாகி விளங்குதலால், அவ்வூரின் சரித்திரத்தை நம் அன்பர்கள் ஒருவாறு அறிதல் தகும்.

1836-ஆம் வருஷத்தில் ஆலன் சகோதரர் இருவர் பஃபலோ பாயு என்னும் ஓடைக்கரையில் நிலம் வாங்கி மனைகளாக விற்கத் தொடங்கியதே இந்நகரின் பிறப்பு. பாயு என்பது மந்தமாக ஓடும் சிற்றாறு. நிலமோ மேடு பள்ளமற்ற சமதரை. மண்ணோ நீரை எளிதில் உறிஞ்சாத களிமண். தென்பால் கடற்கரையிலிருந்த கால்வெஸ்டனே அக்காலத்தில் பெரிய துறைமுகம். 1900-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி பெரும்புயலொன்று அத்தீவின்மேல் கடலை ஏற்றி, ஆறாயிரம் முதல் பன்னீராயிரம் வரை மக்களை மாய்த்தது. அதன் பின்னர் உள்நாட்டு நகரமான ஹூஸ்டனே பத்திரமானதென்று வியாபாரிகள் கருதினர். 1914-இல் ஆழ்ந்த கப்பற் கால்வாயும் திறக்கப்பட்டது. கடலுக்கு அஞ்சி உள்ளே வந்தவர்கள் வானத்து நீரை மறந்தனர் போலும்.

மறந்தோர்க்கு 1929, 1935-ஆம் வருஷத்து வெள்ளங்கள் நினைவூட்டின. நகரின் கடைத்தெரு நீரில் மூழ்கவே, 1937-இல் வெள்ளத் தடுப்புக்கெனத் தனி நிர்வாகம் ஏற்பட்டது. மேற்றிசையில் ஆடிக்ஸ், பார்க்கர் என்னும் இரு பேரணைகளை இராணுவ இஞ்சினீயர்கள் 1940-க்குப் பிற்பட்ட சில வருஷங்களிற் கட்டி முடித்தனர். இவை நம் நாட்டு ஏரிகள் போல்வன அல்ல. நம் ஏரி பாசனத்திற்காக நீரைத் தேக்கிவைப்பது. அவையோ மழையில்லாக் காலத்தில் வறண்டு, புல்லும் மரமும் வளர்ந்து கிடப்பன. பெருமழையில் மட்டுமே நீரைத் தாங்கி, பின்னர் மெல்ல விடுவன. வறண்ட நிலத்தைக் கண்டோர் அதனை ஏரியென்று எங்ஙனம் எண்ணுவர்? காலப்போக்கில் அணைநீர் ஏறிநிற்கக்கூடிய எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. மனை வாங்கியோர் பலர் அஃதறியாதவரே.

2001-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆலிசன் என்னும் புயல் வந்தது. அது காற்றின் வலிமையிற் சிறிது, மழையிற் பெரிது. புகழ்பெற்ற வைத்தியசாலைகள் நிலவறைகளில் மின்சாரக் கருவிகளை வைத்திருந்தன. அவற்றுள் நீர் புகுந்து விளக்கணைய, ஒரு வைத்தியசாலையிலிருந்து மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்ற நேர்ந்தது. அதன் பின் அங்கெல்லாம் நீர் புகாக் கதவுகள் அமைத்தனர். 2017-இல் அவை மிகவும் பயன்பட்டன.

நிற்க. பெரும்புயலுடன் சுழற்காற்று வருதற்குக் காரணம் யாது? புயல் கரையேறும்போது தரையை ஒட்டிய காற்று மரத்தாலும் வீட்டாலும் தடைப்பட்டுத் தளரும். மேலுள்ள காற்றோ வேகங் குன்றாது. இவ்வேற்றுமையால் இடைப்பட்ட காற்று உருளை போலச் சுழலும். மழைமேகத்துள் மேலெழும் காற்று அவ்வுருளையை நிமிர்த்துமாயின் சுழற்காற்றுத் தோன்றும். புயல் செல்லுந் திசைக்கு வலப்பக்கத்தில் இது மிகுதி. பெரும்பாலும் சில நிமிஷங்களே நிற்கும். மழைத்திரையுள் மறைந்து வருதலால் கண்ணுக்கும் எளிதிற் புலனாகாது.

ஹார்வி என்னும் பெரும்புயல் 2017 ஆகஸ்டு 25 இரவு ராக்போர்ட் அருகே கரையேறி, சிறிது தூரம் உள்ளே சென்று அசையாது நின்றுவிட்டது. ஹூஸ்டன் அதன் வலப்பக்கத்தில் அகப்பட்டது. கடலினின்று எழுந்த மேகவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரின்மேல் வந்தன. சுழற்காற்றைப் பெற்றதும் வெள்ளத்தைப் பெற்றதும் அம்மேகங்களே. இப்புயலால் ஐம்பதுக்கு மேற்பட்ட சுழற்காற்றுகள் உண்டாயின. ஹூஸ்டன் வானிலைக் காரியாலயம் விடுத்த சுழற்காற்று எச்சரிக்கைகளோ நூற்றுக்கு மேற்பட்டன. ஒவ்வொன்றும், "மிகத் தாழ்ந்த தளத்தில், ஜன்னலில்லாத உள்ளறைக்குச் செல்க" என்னும் கருத்தினது. அதே இரவில் வெள்ள எச்சரிக்கையோ உயர்ந்த இடம் நாடுமாறு கூறியது. ஒரு மாடியும் இல்லாத வீட்டில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உள்ளறையில் இருப்பவர், கதவடியில் நீர் நுழைவதைக் கண்டு என் செய்வர்?

பலர் கூரைக்கடியிலுள்ள பரணிற் புகுந்தனர். கூரையை உடைக்கக் கோடரி முதலியன இன்றிப் பரணேறற்க என்று நகர அதிகாரிகள் அறிவித்தனர். நீர் தொடர்ந்து ஏறின் பரணே பொறியாகிவிடும். 28-ஆம் தேதி விடியற்காலை இரு பேரணைகளின் மதகுகளும் திறக்கப்பட்டன. அணைக்கு மேலுள்ள வீடுகள் தேங்கிய நீராலும், கீழுள்ளவை விடுத்த நீராலும் மூழ்கின. டெக்ஸஸில் புயலால் நேரே இறந்தோர் குறைந்தது 68 பேர். அவர்களுள் மூவர் நீங்கலாக ஏனையோரை மாய்த்தது மழைவெள்ளமே. எச்சரிக்கை மணிகள் பல காற்றுக்காக ஒலித்தன, கொன்றதோ பெரும்பாலும் நீர். இதனாற் காற்றெச்சரிக்கை வீணென்று கூறோம். ஆயினும் இரண்டும் ஒருங்கே வந்தவிடத்து எதனை முந்திப் பேணுவதென்று சொல்வார் அன்றிரவு அரியர் என்பதே எம் கருத்து.

அணைக்கு மேற்புறத்து வீட்டார் தொடுத்த வழக்கில், அவர்கள் நிலத்தில் நீரைத் தேக்கியதற்கு மத்திய அரசாங்கமே பொறுப்பென்று 2019 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வெள்ளத் தடுப்புக்கென இருநூற்றைம்பது கோடி டாலர் கடன் திரட்ட, புயல் வந்த நாளின் ஆண்டு நிறைவாகிய 2018 ஆகஸ்டு 25-இல் அங்குள்ள மக்கள் வாக்களித்து இசைந்தனர். அதே வருஷம் நகரசபையார், வெள்ள எல்லையிற் புதிதாகக் கட்டும் வீடுகளின் தரைமட்டம் பெருவெள்ள மட்டத்தினும் இரண்டடி உயர்ந்திருக்க வேண்டுமென விதித்தனர். அவ்விதிக்கு முன்னரே எழுந்த வீடுகளோ தாழ்ந்த தரையிலேயே நிற்கின்றன.