எதைக் கழிப்பது? செலரான், டியூரான் மலிவுச் செயலிகளின் வடிவமைப்பு வரலாறு (1998–2003)

1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் செலரான் என்ற பெயரில் 266 மெகாஹெர்ட்ஸ் நுண்செயலி ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. உள்ளே இருந்தது பென்டியம் II-இன் கருவேதான். இரண்டு மட்டும் இல்லை: கறுப்புப் பிளாஸ்டிக் உறை, 512 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம். உறை போனதில் யாருக்கும் நட்டமில்லை. கேஷ் போனதால் செயலி ஒவ்வொரு சிறு தேவைக்கும் மெதுவான முதன்மை நினைவகம் வரை போய்வர வேண்டியிருந்தது. அலுவலக மென்பொருள்களில் அது பழைய பென்டியம் எம்எம்எக்ஸை மிஞ்சவே திணறியது.

இப்படி அவசரமாக வெட்டியதற்குச் சந்தை நெருக்கடி காரணம். 1997 தொடக்கத்தில் காம்பேக் நிறுவனம் சைரிக்ஸ் செயலியைப் பொருத்தி 999 டாலருக்கு பிரசாரியோ 2100 கணினியை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஏஎம்டியின் கே6 பழைய சாக்கெட் 7 மதர்போர்டுகளிலேயே அமர்ந்துகொண்டது. இன்டெல்லோ தன் புதிய ஸ்லாட் 1 அமைப்புக்கு எல்லோரையும் இழுத்துச் செல்ல விரும்பியது. ஆயிரம் டாலருக்குக் கீழே நிற்க அந்த அமைப்பில் ஆள் இல்லை.

செலரானையும், இரண்டாண்டு கழித்து வந்த ஏஎம்டியின் டியூரானையும் வேக அளவீட்டுப் பட்டியல்களால் ஒப்பிடும் வழக்கம் அக்கால இதழ்களில் இருந்தது. அந்தப் பட்டியல்கள் சில மாதங்களில் காலாவதியாகிவிடும். எந்த உறுப்பை வெட்டினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்ற கேள்வி இன்றும் பயன் தருகிறது. அதன் வழியே பார்த்தால், விலையுயர்ந்த செயலிக்கு ஓராண்டு கழித்து வந்த வடிவமைப்பு மலிவுச் செயலியில் முதலில் அரங்கேறியிருப்பது தெரிகிறது.

முதல் செலரானுக்குக் கிடைத்த கெட்ட பெயரைத் துடைக்க இன்டெல் 1998 ஆகஸ்டு 24 அன்று மெண்டசினோ கருவுடன் 300ஏ, 333 என்ற இரண்டை வெளியிட்டது. பென்டியம் II-இல் கேஷ் தனிச் சில்லுகளாகச் செயலிக்குப் பக்கத்தில், அட்டையின் மீது, செயலியின் பாதி வேகத்தில் ஓடியது. மெண்டசினோவில் 128 கிலோபைட் கேஷ் செயலியின் சிலிக்கான் வில்லைக்குள்ளேயே நுழைந்து முழு வேகத்தில் ஓடியது. அளவு கால்பங்கு, வேகம் இரட்டிப்பு. டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 75 லட்சத்திலிருந்து 1.9 கோடியாக ஏறியது. தனிச் சில்லுகளை வாங்கிப் பொருத்தும் செலவு ஒழிந்ததால், டிரான்சிஸ்டர் கூடியும் விலை இறங்க முடிந்தது. மேசைக்கணினிக்கான பென்டியம் III இதே ஏற்பாட்டைப் பெற்றது 1999 அக்டோபரில்தான்.

கேஷைத் திருப்பிக் கொடுத்த இன்டெல், இப்போது பஸ் வேகத்தில் வேலி போட்டது. புதிய பென்டியம் II 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஓட, செலரானுக்கு 66 மட்டுமே. அந்த வேலி எவ்வளவு செயற்கையானது என்பதைப் பயனர்கள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்தார்கள். 300ஏ-இன் பெருக்கல் எண் 4.5, அது மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. ஆனால் பஸ்ஸை 100-க்கு உயர்த்தினால் 4.5 மடங்கு 450 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு தானாகவே 66-ஐத் தேர்ந்தெடுத்தால், செயலி அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒற்றைத் தொடுமுனையை ஒரு துண்டு டேப்பால் மறைத்தால் போதும். பெரும்பாலான 300ஏ-க்கள் அந்த வேகத்தைத் தாங்கின. 300ஏ-இன் விலை 149 டாலர். அதே நாளில் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் II-இன் விலை 669. இரண்டும் பல சோதனைகளில் ஏறக்குறைய சமமாக ஓடின. வேகத்தின் எல்லையை இங்கே தொழில்நுட்பம் வகுக்கவில்லை, விலைப்பட்டியல் வகுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1999-இல் அபிட் நிறுவனத்தின் பிபி6 மதர்போர்டு இன்னொரு கதவைத் திறந்தது. தனியாக மட்டும் இயங்கும் என்று விற்கப்பட்ட செலரான்கள் இரண்டை எந்த மாற்றமும் செய்யாமல் அதில் சேர்த்து ஓட்ட முடிந்தது. 2000-இல் வந்த அடுத்த தலைமுறைச் செலரானில் இன்டெல் அந்தக் கதவை அடைத்துவிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் வேலியையோ 2001 ஜனவரியில், 800 மெகாஹெர்ட்ஸ் செலரான் வரும்வரை எடுக்கவில்லை.

அதற்குள் டியூரான் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. 2000 ஜூனில் 600, 650, 700 மெகாஹெர்ட்ஸ்களில் அறிமுகமான இது, ஆத்லான் செயலியின் தம்பி. ஏஎம்டி வெட்டியது ஓர் இடத்தில் மட்டுமே: இரண்டாம் நிலை கேஷ் ஆத்லானின் 256 கிலோபைட்டிலிருந்து 64 ஆனது. ஆல்ஃபா செயலிகளுக்காக டெக் நிறுவனம் உருவாக்கிய, துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்பும் 200 மெகாஹெர்ட்ஸ் பஸ் அப்படியே இருந்தது. முதல் நிலை கேஷும் முழுசாக 128 கிலோபைட்.

64 என்பது பார்வைக்கு அற்பமாகத் தெரியும். செலரானில் முதல் நிலையில் இருக்கும் தரவின் படி பொதுவாக இரண்டாம் நிலையிலும் இடம் பிடித்துக்கொள்ளும். ஆக 128 கிலோபைட்டில் ஒரு பகுதி வெறும் மறுபதிப்பு. டியூரானில் முதல் நிலையிலிருந்து வெளியேற்றப்பட்டவை மட்டுமே இரண்டாம் நிலைக்கு வரும். ஒன்றில் உள்ளது மற்றதில் இராது. 128-உம் 64-உம் கூடி 192 கிலோபைட் உண்மையாகவே கைக்குக் கிடைத்தது. ஒரே கடிகார வேகத்தில் டியூரான் செலரானைப் பெரும்பாலான வேலைகளில் முந்தியதற்கு இதுவும் பஸ்ஸும் காரணங்கள்.

பயனர்கள் இங்கும் சும்மா இருக்கவில்லை. டியூரானின் பீங்கான் மேற்பரப்பில் எல்1 என்று குறிக்கப்பட்ட புள்ளிகளுக்கு இடையிலான இணைப்பு வெட்டப்பட்டிருக்கும். சாதாரணப் பென்சிலால் அவற்றை இணைத்துக் கோடு கிழித்தால் பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். பெருக்கல் எண்ணின் பூட்டு திறந்துவிடும். அதே மேற்பரப்பின் நடுவில் சிலிக்கான் வில்லை மூடியில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும். குளிர்விப்பானைச் சற்றுச் சாய்த்து அழுத்தினால் மூலை உடைந்து செயலி செத்துப்போகும். மலிவு என்பதற்கு அப்படியும் ஒரு விலை இருந்தது.

இவ்வளவு இருந்தும் கடைகளில் கட்டிமுடித்த மலிவுக் கணினிகளில் செலரானே கோலோச்சியது. இன்டெல்லின் 810 சிப்செட் 1999-லிருந்தே கிராபிக்ஸை மதர்போர்டிலேயே தந்தது. தனி கார்டு வாங்க வேண்டாம். டியூரானுக்கு அப்படியான மலிவு மதர்போர்டுகள் 2000-இன் பிற்பகுதி வரை கிடைக்கவில்லை. செயலியில் மிச்சம் பிடித்த பணம் வேறு பாகங்களில் கரைந்தது. பொறியியலில் வென்ற செயலி வியாபாரத்தில் பின்தங்கியதை விளக்க, விளம்பர பலத்தைவிட இந்த எளிய கணக்கையே நான் முதலில் வைப்பேன்.

டியூரானின் கடைசிக் கட்டம் கழித்தலின் பொருளையே மாற்றியது. 1991-இல் இன்டெல் 486எஸ்எக்ஸை வெளியிட்டபோது முழு 486-இன் கணிதப் பிரிவை முடக்கி மலிவு விலையில் விற்றது. அதற்குத் துணையாக விற்ற 487, உண்மையில் பழைய செயலியை அணைத்துவிட்டுத் தானே முழுவேலையும் செய்யும் இன்னொரு 486. முதல் டியூரான் அந்த வழியில் போகவில்லை. சிறிய கேஷுக்கென்றே தனி வில்லை வடித்தார்கள். 2003-இல் வந்த ஆப்பிள்பிரெட் டியூரான்களோ கேஷின் பெரும்பகுதி முடக்கப்பட்ட ஆத்லான் எக்ஸ்பி-க்கள். தனி வில்லை தயாரிப்பதைவிட ஒரே வில்லையை வடித்து ஒரு பங்கை முடக்குவது அப்போது மலிவாகியிருக்க வேண்டும். அவற்றில் சிலவற்றின் மேல் இணைப்பை ஒட்டி, 256 கிலோபைட்டை மீட்டு, ஆத்லானாகவே ஓட்டியவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு டியூரான் நின்று செம்ப்ரான் வந்தது. சாக்கெட் ஏ-க்கான முதல் செம்ப்ரான்கள் பெயர் மாற்றிய ஆத்லான் எக்ஸ்பி-க்கள்தான்; அவற்றில் கேஷைக்கூட யாரும் குறைக்கவில்லை.