காமாவின் கப்பலும் சக்கூட்டோவின் கணக்கும்

வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்ததைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். நடுக்கடலில் கப்பல் நின்ற இடத்தை மாலுமி எவ்வாறு அறிந்தான் என்று கேட்பார்தாம் இல்லை.

துருவ விண்மீனின் உயரத்தை அளந்தே முன்பெல்லாம் அதனை அறிந்தனர். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே சென்றால் அம்மீன் மறைந்துவிடும். அப்பொழுது நண்பகற் சூரியனே துணை. ஆனால் சூரியன் நாளுக்கு நாள் வடக்கும் தெற்குமாக நகர்வது. அன்றன்றைய நிலையைக் கூறும் அட்டவணை இல்லாமல் அளந்து பயனில்லை. அவ்வட்டவணைகளைக் கணித்தவர் ஆபிரகாம் சக்கூட்டோ என்னும் யூத அறிஞர். 1492இல் ஸ்பெயின் துரத்த, போர்த்துக்கலில் தஞ்சம் புகுந்தவர். அவரது நூல் 1496இல் லெய்ரியா நகரில் அச்சேறியது. அதே ஆண்டு டிசம்பரில், யூதர் நாட்டைவிட்டு அகலவேண்டுமென மன்னன் மனுவேல் ஆணையிட்டான். நன்றி மறக்க எத்துணை அவசரம்! 1497 ஜூலையில் காமா புறப்பட்டார். சக்கூட்டோவோ தூனிசில் அடைக்கலம் தேடினார்.

கடல்வழி திறந்தபின்னும் இக்கதை தொடர்ந்தது. யூத மரபில் வந்த மருத்துவர் கார்சியா டி ஓர்த்தா கோவாவில் வாழ்ந்து, இலங்கைக் கறுவா உட்படக் கீழைநாட்டு மருந்துச் சரக்குகளை ஆராய்ந்து 1563இல் நூல் வெளியிட்டார். ஐரோப்பா அதனை இலத்தீனில் பெயர்த்துக் கற்றது. 1568இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவர் சகோதரி கத்தரீனாவை மதவிசாரணை மன்றம் எரித்தது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள்.