பள்ளி மாவட்ட அங்கீகாரம் (மிசூரி)

பள்ளி மாவட்ட அங்கீகாரம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியப் பகுதியில் அமைந்த மிசூரி மாநிலத்தின் கல்வி வாரியம், தன் ஆணைக்கு உட்பட்ட பொதுப் பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொன்றின் தகுதியையும் பரீட்சை முடிவுகளாலும் பிற அளவைகளாலும் பரிசீலித்து, முழு அங்கீகாரம், தற்காலிக அங்கீகாரம், அங்கீகாரமின்மை என்னும் நிலைகளில் ஒன்றை அதற்கு விதிக்கும் முறையாகும். நம் நாட்டில் அங்கீகாரம் என்பது பெரும்பாலும் தனியார் பள்ளிகள் அரசினரிடம் பெறவேண்டிய அனுமதியாக இருக்க, அங்கே பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிகளே அதனை இழக்கக்கூடும். அங்குள்ள பள்ளி மாவட்டமும் கல்வித் துறை தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட நிர்வாகப் பிரிவு அன்று; வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், நிலம் வீடுகளின்மீது வரி விதிக்கும் அதிகாரமும், உபாத்தியாயர்களை நியமிக்கும் உரிமையும் உடைய ஸ்தல ஸ்தாபனம் அது. 1939-40ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேலாக இருந்த இத்தகைய மாவட்டங்கள், ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுக் குறைந்து, இன்று சுமார் பதின்மூவாயிரம் என்ற அளவில் நிற்கின்றன. அவற்றுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை மிசூரியில் உள்ளன.

பள்ளிகளை வெளியார் சென்று பார்த்துத் தகுதி கூறுவதும், மாணவர்களை ஒரே வினாத்தாளால் அளப்பதும் வெவ்வேறு காரணங்களால் பிறந்து, நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்து, பின்னரே ஒன்று கலந்தவை. 1845ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹொரேஸ் மானும் அவருடைய நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவும் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் அச்சிட்ட வினாக்களைக் கொடுத்து, மாணவர்களை ஒரே கால அளவில் எழுதச் செய்த பரீட்சையே அந்நாட்டின் பொது மதிப்பீடுகளுக்கெல்லாம் மூலம். அதற்கு முன் பார்வையாளர் குழு ஒன்று பள்ளிக்கு வந்து, சில பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வாய்மொழியாகக் கேட்டுப் பாராட்டிவிட்டுச் செல்வதே வழக்கமாயிருந்தது. எழுத்துப் பரீட்சையின் முடிவுகள் எதிர்பார்த்ததைவிட மிகத் தாழ்ந்திருந்தன. அவை அச்சிட்டு வெளியிடப்பட்டபோது தலைமை உபாத்தியாயர்கள் கடுஞ்சினம் கொண்டனர். பள்ளியின் குறையைப் பகிரங்கப்படுத்தினால் பள்ளி திருந்தும் என்னும் நம்பிக்கையும், முன்னறிவிப்பின்றி வந்த அளவுகோலால் அளக்கப்பட்டோம் என்னும் உபாத்தியாயர்களின் குறையும் ஆகிய இரண்டும் அன்றே தோன்றிவிட்டன.

அங்கீகாரத்தின் வரலாறு சர்வகலாசாலைகளின் தேவையிலிருந்து தொடங்குகிறது. உயர்நிலைப் பள்ளிகள் பல்கிப் பெருகிய காலத்தில், எந்தப் பள்ளியின் சான்றிதழை நம்பி மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பிரச்சினை எழவே, 1871ஆம் ஆண்டில் மிச்சிகன் சர்வகலாசாலை தன் பேராசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பள்ளிகளின் மாணவர்களை நுழைவுப் பரீட்சையின்றியே அனுமதிக்கத் தொடங்கியது. 1895இல் நிறுவப்பட்ட வட மத்தியச் சங்கம் இவ்வழக்கத்தை ஒரு பிரதேசம் முழுமைக்கும் பொதுவாக்கிற்று. மிசூரியும் அதன் எல்லைக்குள் அடங்கியது. நூலகத்தில் புத்தகங்கள் எத்தனை, உபாத்தியாயர் எந்தப் பட்டம் பெற்றவர், ஆய்வுக்கூடம் உண்டா, ஆண்டில் எத்தனை வாரம் பள்ளி நடக்கிறது என்பனவே அக்காலத்து அங்கீகாரத்தின் கேள்விகள். பிள்ளை என்ன கற்றான் என்பது அதில் நேரடியாகக் கேட்கப்படவில்லை. மிசூரி மாநிலம் தானே நடத்திவந்த தரவரிசையும் இதே இயல்பினது. அதன்படி மிக மேலான மாவட்டத்துக்கு மூன்று ‘ஏ’ எழுத்துகள் வழங்கப்பட்டன. இடவசதியும் பணவசதியும் உள்ள மாவட்டங்கள் இம்மரியாதையை எளிதிற் பெற்றன.

இதற்கிடையே பரீட்சை முறை விரைந்து மாறியது. அண்டை மாநிலமான கான்சஸில் பிரடெரிக் கெல்லி என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் வாசிப்புத் திறனை அளக்க வகுத்த பரீட்சையில், கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்து குறியிடும் முறை உருவாயிற்று. மிச்சிகனில் உபாத்தியாயராக இருந்த ரேனால்ட் ஜான்சன், பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்னும் இயல்பைக் கொண்டு விடைத்தாளைத் திருத்தும் யந்திரம் ஒன்றைச் சமைக்க, ஐபிஎம் நிறுவனம் அதனை 1930களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஐயோவா சர்வகலாசாலையின் லிண்ட்குவிஸ்ட் பள்ளிகளுக்கான பரீட்சைகளை ஆண்டுதோறும் நடத்தும் பெருந்தொழிலாக அமைத்ததோடு, ஒளியால் விடைத்தாளைப் படிக்கும் யந்திரத்தையும் பின்னர் ஆக்கினார். திருத்தும் செலவு குறைந்ததனால், ஒரு மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளையும் ஒரே பருவத்தில் அளப்பது சாத்தியமாயிற்று. 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தால் மத்திய அரசின் பணம் ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்குப் பாயத் தொடங்கியபின், அப்பணத்தின் பயன் என்ன என்று கேட்கும் குரலும் வலுத்தது. 1983இல் தேசியக் கல்விக் குழு ஒன்று, நாடே ஆபத்தில் இருப்பதாக அறிக்கை விட்டபோது அக்குரல் உச்சத்தை எட்டியது.

மிசூரியின் சட்டசபை 1985இல் இயற்றிய கல்வி மேம்பாட்டுச் சட்டம் மாநிலம் தழுவிய பரீட்சைக்கு வழிகோலியது. 1990-91ஆம் கல்வியாண்டில் தொடங்கிய ‘மிசூரிப் பள்ளி அபிவிருத்தித் திட்டம்’ பழைய எழுத்து வரிசையை நீக்கி, ஐந்தாண்டுச் சுற்று ஒன்றில் ஒவ்வொரு மாவட்டத்தையும் நேரிற் சென்று பரிசீலிக்கும் முறையை நிலைநாட்டிற்று. சாதனம், நடைமுறை, பயன் என்னும் மூன்று தலைப்புகளில் தரங்கள் வகுக்கப்பட்டன. பரிசீலனைக் குழுவில் மாநில அதிகாரிகளோடு வேறு மாவட்டங்களின் உபாத்தியாயர்களும் தலைமையாசிரியர்களும் இடம்பெற்றனர். அவர்கள் வருமுன்பே பெற்றோர், மாணவர், உபாத்தியாயர் ஆகியோரின் அபிப்பிராயங்கள் வினாப்படிவங்கள் மூலம் திரட்டப்பட்டன. பாடத்திட்டம், வகுப்புகளின் எண்ணிக்கை, உபாத்தியாயர்களின் சான்றிதழ், வாரியக் கூட்டங்களின் தீர்மானங்கள் முதலிய பத்திரங்களை மாவட்டத்தார் வரிசைப்படுத்தி வைத்தனர். வந்த குழுவினர் வகுப்பறைகளில் அமர்ந்து பாடம் நடக்கும் விதத்தைப் பார்த்தனர். இம்முறையின் சிறந்த அம்சம் யாதெனில், பரிசீலிக்கச் சென்றவரே மறு ஆண்டில் பரிசீலிக்கப்படுபவராகவும் இருந்தமையால், ஒரு மாவட்டத்தில் கண்ட நல்ல வழக்கம் மற்றொரு மாவட்டத்துக்கு ஆணையின்றியே சென்று சேர்ந்தது என்பதாம்.

1993ஆம் ஆண்டு ஜனவரியில், மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் பங்கிடும் முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக ஆளுநர் மெல் கார்னஹன் காலத்தில் இயற்றப்பட்ட ‘சிறந்த பள்ளிகள் சட்டம்’ நிதிப் பங்கீட்டைத் திருத்தியதோடு, மாணவர் அறியவேண்டியவை இவையென வரையறுக்கவும், அவற்றை அளக்கப் புதிய பரீட்சை அமைக்கவும் கட்டளையிட்டது. அதன்படி 1996இல் எழுபத்துமூன்று தரங்கள் ஏற்கப்பட்டன. நாற்பது அறிவுபற்றியவை, முப்பத்துமூன்று செயல்திறம்பற்றியவை. ‘மிசூரி மதிப்பீட்டுத் திட்டம்’ என்னும் புதிய பரீட்சை கணிதத்தில் தொடங்கி ஒவ்வொரு பாடமாக நடைமுறைக்கு வந்தது.

இந்தப் புதுப் பரீட்சைக்கு மாவட்டங்கள் ஆயத்தமான விதமே இவ்வரலாற்றில் மிக ஊன்றிக் கவனிக்கத்தக்கது. விடையைத் தெரிவுசெய்யும் வினாக்களோடு, மாணவன் தானே விடையை எழுதிக் காரணமும் காட்டவேண்டிய வினாக்களும், ஒரு பிரச்சினையை முதலிலிருந்து முடிவுவரை ஆராயவேண்டிய நீண்ட பகுதிகளும் அதில் இருந்தன. ஒரு கணக்கில் விடை பிழைத்தாலும் வழி சரியாயிருந்தால் பாதி மதிப்பெண் உண்டு. விடை சரியாயிருந்தும் வழியைக் காட்டாதவனுக்கு முழு மதிப்பெண் இல்லை. இத்தகைய விடைகளைத் திருத்துவதற்கு வழிகாட்டிக் குறிப்புகள் வேண்டும். இரண்டு மதிப்பெண் விடைக்கும் ஒரு மதிப்பெண் விடைக்கும் இடையிலான பேதம் எதுவென்று உபாத்தியாயர்கள் கூடியிருந்து வாதித்துத் தெளிய வேண்டும். வினா எழுதுவதிலும் விடை மதிப்பிடுவதிலும் மிசூரியின் உபாத்தியாயர்களே ஈடுபடுத்தப்பட்டனர். அவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சக உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தனர். மாநிலம் தரும் நிதியில் நூற்றுக்கு ஒரு பங்கை மாவட்டங்கள் உபாத்தியாயர் பயிற்சிக்கென்றே செலவிட வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது; அதற்கெனப் பிராந்திய மையங்களும் தோன்றின. பரீட்சை வருமுன் பயிற்சியும், பயிற்சிக்குப் பணமும், பணத்துக்குச் சட்டமும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்தச் சில ஆண்டுகளே இத்திட்டத்தின் பொற்காலம் எனத் தயங்காமல் கூறலாம்.

2002இல் கையொப்பமான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் மத்தியச் சட்டம் நிலைமையை மாற்றிற்று. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை நடத்தவேண்டும் என்றும், 2014க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எய்தவேண்டும் என்றும் அது விதித்தது. தேர்ச்சிக்கு உயர்ந்த எல்லையை நேர்மையாக வகுத்துக்கொண்டிருந்த மிசூரி, தாழ்ந்த எல்லையை வகுத்திருந்த மாநிலங்களைவிட மோசமாகத் தோற்றமளித்தது. ஐந்து நிலைகளாக இருந்த மதிப்பீடு 2006இல் நான்காகச் சுருக்கப்பட்டது. பள்ளி அபிவிருத்தித் திட்டத்தின், 2012-13இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் சுற்றில், ஒரு மாவட்டத்தின் பரீட்சை முடிவு, வருகை, மேற்படிப்பு ஆயத்தம், படிப்பை முடிப்போர் விகிதம் எல்லாம் சேர்ந்து நூற்று நாற்பது புள்ளிகளாகக் கணக்கிடப்பட்டன. நூற்றுக்கு எழுபது பெற்றால் முழு அங்கீகாரம், ஐம்பதுக்குக் குறைந்தால் அங்கீகாரமின்மை. வகுப்பறையில் அமர்ந்து பார்த்த கண்களின் இடத்தை எண்கள் பெருமளவு எடுத்துக்கொண்டன.

அங்கீகாரம் இழந்த மாவட்டங்கள் பலவும் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழும் ஏழைப் பகுதிகளாகவே இருந்தன. கான்சஸ் சிட்டி 2000இல் அதனை இழந்து, இரண்டாண்டில் தற்காலிகமாகப் பெற்று, 2012 தொடக்கத்தில் மீண்டும் இழந்தது. முழு அங்கீகாரத்தைத் திரும்பப் பெற 2022வரை காத்திருக்க நேர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரம் 2007இல் அங்கீகாரத்தோடு தன் தேர்ந்தெடுத்த வாரியத்தின் அதிகாரத்தையும் இழந்து, நியமன வாரியம் ஒன்றால் ஆளப்பட்டு, 2017இல் முழுத் தகுதியையும் 2019இல் சுயாட்சியையும் மீட்டது. வெல்ஸ்டன் என்னும் சிறு மாவட்டம் 2010இல் கலைக்கப்பட்டு, அதன் குழந்தைகள் பக்கத்திலிருந்த நார்மண்டி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டனர். நார்மண்டியே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. நலிந்த ஒன்றை நலிந்த மற்றொன்றின் தோளில் ஏற்றிய இந்தத் தீர்மானம் எவ்வகையாலும் நியாயப்படுத்தத் தக்கதன்று.

2013 தொடக்கத்தில் நார்மண்டி அங்கீகாரத்தை இழந்தது. அங்கீகாரமற்ற மாவட்டத்தின் மாணவர் அதே கவுண்டியிலோ (மாநிலத்தின் உட்பிரிவு) அடுத்த கவுண்டியிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற மாவட்டத்தில் சேரலாம் என்றும், அதற்கான கட்டணத்தை அவர் விட்டுச்சென்ற மாவட்டமே செலுத்தவேண்டும் என்றும் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. செயின்ட் லூயிஸ் பெற்றோர்கள் கிளேட்டன் மாவட்டத்தின்மீது தொடுத்த வழக்குகளில், மாநில உச்ச நீதிமன்றம் 2010இலும் 2013 ஜூனிலும் இவ்விதியை உறுதிப்படுத்தியது. அக்கோடையில் நார்மண்டியிலிருந்து சுமார் ஆயிரம் பேரும், 2007இலேயே அங்கீகாரம் இழந்திருந்த ரிவர்வியூ கார்டன்ஸிலிருந்து அதற்கும் மேற்பட்டோரும் வெளியேறப் பெயர் கொடுத்தனர். நார்மண்டி தன் செலவில் வண்டி விட்ட இடம் மிசூரி நதிக்கு அப்பாலுள்ள பிரான்சிஸ் ஹவல் மாவட்டம். ஜூலையில் அங்கே கூடிய பெற்றோர் கூட்டத்தில், வரும் குழந்தைகளால் பரீட்சை முடிவுகள் தாழும், வன்முறை நேரும் என்றெல்லாம் பேசப்பட்டது. உலோகம் கண்டறியும் கருவிகள் வைப்பீர்களா என்றும் கேட்கப்பட்டது. அதே கூட்டத்தில் நார்மண்டியிலிருந்து வந்த தாய்மாரும் இருந்தனர். அங்கீகாரம் என்னும் நிர்வாகச் சொல் மாணவர்களின் தலையில் முத்திரையாக இறங்கிய இடம் இதுவே.

வெளியேறியவர்களின் கட்டணத்தால் நார்மண்டியின் கஜானா வற்றி, திவாலாகும் நிலை வந்தது. 2014 ஜூலை முதல் மாநிலம் அம்மாவட்டத்தைக் கலைத்துப் புதுப்பெயரில் தானே மேற்கொண்டு, இனி அது அங்கீகாரமற்றது அன்று என்று கருதி மாணவர் மாற்றத்தை நிறுத்த முயன்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு நார்மண்டி உயர்நிலைப் பள்ளியிற் படிப்பை முடித்த மைக்கேல் பிரவுன் ஆகஸ்டு 9ஆம் நாள் அருகிலுள்ள பெர்குசனில் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாட்டின் கவனம் முழுவதும் அச்சிறு ஊர்களின்மீதும் அவற்றின் பள்ளிகளின்மீதும் திரும்பிற்று. ரிவர்வியூ கார்டன்ஸும் நார்மண்டியும் பின்னர்த் தற்காலிக அங்கீகாரம் பெற்றன.

ஆறாம் சுற்று 2022இல் தொடங்கியது. இதில் நூற்றுக்கு எழுபது பங்கு மாணவர் தேர்ச்சிக்கும், முப்பது பங்கு மாவட்டம் தன்னைத் தொடர்ந்து செம்மைப்படுத்திக்கொள்ளும் முயற்சிக்கும் ஒதுக்கப்பட்டன. திட்டமிடலும், பள்ளிச் சூழல்பற்றிய கருத்துத் திரட்டலும் மீண்டும் கணக்கில் சேர்ந்தன. 2023இல் வெளியான முதல் அறிக்கைகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாகாது என்று மாநிலக் கல்வித் துறையே அறிவித்தது. 1990களில் செய்ததுபோல் உபாத்தியாயர்களுக்குக் காலமும் பயிற்சியும் முன்னரே அளித்து, நிதி குறைந்த மாவட்டங்களுக்கு அளவுகோல் செல்லுமுன் உதவி சென்றாலன்றி, இப்புதிய சுற்றும் ஏழ்மையை அளந்து அதற்குத் தரக்குறைவு என்று பெயரிடுவதாகவே முடியும்.