கடலடியிலிருந்து எழும் கணை

பழனி மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளை லாரிகளில் ஏற்றி அனுப்பும் மக்களுக்குச் சமுத்திர யுத்தம் சம்பந்தமற்ற விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கம்மியரைக் கொண்டு ஆயுதசாலை அமைத்தது இந்தச் சீமையிலேதான் என்பதையும், அவரும் அவர் புதல்வர் திப்புவும் பிரயோகித்த இரும்புக்குழல் வாணங்களைக் கண்டே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் வாணங்களைச் செய்யப் புகுந்தார் என்பதையும் அறிந்தால், அந்த எண்ணம் மாறிவிடும்.

வாண சாஸ்திரத்தின் ஆச்சரியமான வளர்ச்சி, கடலுக்குள் அமிழ்ந்திருந்தபடியே கணை விடுவதுதான். 1960 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கிக் கப்பல் முதன்முதலாக அதைச் செய்து காட்டியது. குழாய்க்குள்ளேயே கணையைக் கொளுத்தினால் கப்பலுக்கே அபாயம் என்பதால், அழுத்தப்பட்ட காற்று அதை நீரைப் பிளந்து மேலே தள்ள, நீர்மட்டத்தைக் கடந்த பின்னரே அதன் எஞ்சின் பற்றிக்கொண்டது. குறி தவறாதிருக்க, நட்சத்திரமும் கரையும் தெரியாத ஆழத்தில் கப்பல் தான் நிற்கும் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளவும் வேண்டும். என் மதிப்பில், இந்த வித்தையின் கடினமான பாகம் அதுவே.

பாரதத்தின் முயற்சியில் தமிழகத்தின் பங்கு பெரிது. டீசல் நீர்மூழ்கி தன் மின்கலங்களை நிரப்பக் காற்றை நாடி மேலே வந்தாக வேண்டும். மாதக்கணக்கில் மறைந்திருக்க அணு உலைதான் கதி. கப்பலின் குறுகிய உடலுக்குள் அடங்கத்தக்க அத்தகைய உலையின் முன்மாதிரி 2006 முதல் கல்பாக்கத்தில் ஓசையின்றி இயங்கிவந்தது. 2009 ஆகஸ்டில்தான் வெளியுலகம் அதை அறிந்தது.

மறைந்திருக்கும் கப்பலுக்கு ஆணை சென்று சேர்வது எங்ஙனம்? சாதாரண வானொலி அலைகள் உப்புநீருக்குள் புகமாட்டா. மிக நீண்ட அலைகள் மட்டுமே சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். அவற்றை அனுப்புவதற்காகவே திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் 1990-இல் கடற்படை ஒரு நிலையத்தை நிறுவி, வெள்ளையரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய கட்டபொம்மனின் பெயரைச் சூட்டியது. பேரழிவு தரவல்ல ஆயுதத்துக்கான ஆணை செல்லும் வழி ஆதலால், அதன் பாதுகாப்பில் இம்மியளவு அசிரத்தையும் கூடாது.

2008 பிப்ரவரி 26 அன்று விசாகப்பட்டினத்துக் கடலில், நீருக்கடியில் நிறுத்திய மேடையிலிருந்து 'சாகரிகா' பரீட்சிக்கப்பட்டது. ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பாயவல்ல அந்தக் கணை, அப்துல் கலாமின் முதலெழுத்தைத் தாங்கிய 'கே' வரிசையைச் சேர்ந்தது. 2022 அக்டோபர் 14 அன்று பாரதத்தின் அணு நீர்மூழ்கியான அரிஹந்தே வங்கக் கடலில் ஒரு கணையை ஏவிக் குறியை எட்டியது.