கோப்பிக்கால வடக்குப் பாதையும் சோளகக் காற்றும்

வட்டவளையில் மழை பெய்தால் அது செய்தியல்ல. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறும் அந்த ஊரில் வெயில் அடித்தால்தான் அது செய்தி. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தாழ்நிலத்தைக் கடந்து வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதும்போது, அதன் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும் மலைகளில் வட்டவளை மலைகளும் அடங்கும். லயத்துக் கூரைத் தகரத்தில் விழும் மழையின் ஓசையில் பக்கத்து அறையில் பேசுவது கேட்காது.

அதே காற்று அதே நாளில் மன்னாரிலும் வீசுகிறது. அங்கே அதற்குச் சோளகம் என்று பெயர். அதை மறித்து மேலே தூக்கிவிட மன்னாரில் மலையில்லை. எனவே கடலிலிருந்து வரும் அந்தக் காற்று பெரும்பாலும் மழையைத் தராமல், மணலை வாரி இறைத்தபடி சமவெளியைக் கடந்து போய்விடுகிறது. மன்னாரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை வட்டவளை மழையின் ஐந்தில் ஒரு பங்களவே தேறும். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபருக்குப் பின்னர்தான். ஜூன் தொடங்கிச் செப்டெம்பர் வரை அது பாலைவனத்துக்குப் பக்கத்து உறவு என்று சொல்லத்தக்க நிலம்.

இலங்கைத் தீவின் மிகுந்த ஈர நிலத்தில் இன்று வாழும் மக்களின் முன்னோர், மிகுந்த வறள் நிலத்தின் வழியாகவே அங்கு வந்து சேர்ந்தனர். மலையகத்தைப் பற்றி எழுதும் பலரும் தேயிலையின் பசுமையிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் கதை தொடங்கும் இடம் தலைமன்னார், பேசாலை, அரிப்பு, மாந்தை ஆகிய கரைகளின் வெண்மணல்.

1820களின் நடுப்பகுதியில் கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் கன்னொறுவையில் தானே ஒரு தோட்டம் வைத்துக்கொண்டார். 1840களில் கோப்பி ஒரு வெறியாகவே மாறியது. காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளின் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள்சேர்த்தார்கள். கங்காணி முதலில் கொடுப்பது முற்பணம். அந்தக் கடன் எழுதப்பட்ட சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒருவர் தோட்டம் மாறினால் அவருடைய கடனும் துண்டில் ஏறி அவரோடு மாறும்.

கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஏறக்குறைய ஓகஸ்ட் முதல் ஆண்டிறுதி வரை. கோப்பிக்காலத் தொழிலாளர் தேயிலைக்காலத்தவரைப் போல நிரந்தரமாகத் தங்கியவர்களல்லர். பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே அதிகம். பறிப்புக்கு மலையில் இருக்க வேண்டுமானால் ஆண்டின் நடுமாதங்களில் மன்னாரில் இறங்க வேண்டும். அதாவது சோளகம் உச்சத்தில் வீசும், குளங்கள் அடிமண் தெரிய வற்றும் அந்த மாதங்களில். பயிரின் நாட்காட்டியே அவர்களை அந்தக் காற்றுக்குள் இறக்கிவிட்டது.

இறங்கிய இடத்திலிருந்து நடைதான். மாந்தை, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறக்குறைய 150 மைல். ஆங்கிலேயர் ஆவணங்களில் இதற்கு ‘வடக்குப் பாதை’ என்று பெயர். பாதை என்று சொன்னாலும் அன்று அது காட்டுத்தடத்தைவிடச் சற்று மேலானது, அவ்வளவே. கோப்பி மூட்டை இறங்குவதற்கான கொழும்பு–கண்டி வீதி 1820களிலேயே மலையைக் குடைந்து போடப்பட்டிருந்தது. அதை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் 1832இல் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அந்த மூட்டையை நிரப்பிய மனிதர் வந்த வழிக்குக் கிணறு வெட்டவேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு வர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது.

இந்தப் பாதையை ஒருமுறையேனும் உடலால் அறிய வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. நடக்கும் வயது கடந்துவிட்டது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் காற்று தெரியாது. ஆகவே ஒரு ஜூலை மாதத்தில் மோட்டார் சைக்கிளில், வந்தவர்களின் வழியைத் திருப்பிப் போட்டு, வட்டவளையிலிருந்து தலைமன்னாருக்குப் போனேன். ஓட்டியவர் வட்டவளைத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர். தோஹாவில் நான்கு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். பாலைவனக் காற்றில் வண்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர் என்பதாலேயே அவரைக் கேட்டேன்.

கினிகத்தேனையில் மழையங்கி நனைந்தது. நாவலப்பிட்டி, கம்பளை வரை தூறல். கண்டியில் மழையங்கியைக் கழற்றினோம். மாத்தளை தாண்டித் தம்புள்ளைக்கு இறங்கும்போதே நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. மிகிந்தலையைக் கடந்து மதவாச்சிச் சந்தியில் மேற்கே திரும்பியதும் காற்று எங்களுக்கு இடப்பக்கமாக வந்தது. அங்கிருந்து தலைமன்னார் வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தூரமும் அந்தக் காற்று எங்களை விடவில்லை.

நான் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியை உயர்த்தினேன். தம்பி உடனே வண்டியை ஓரம்கட்டினார். “மூடுங்க சேர். காத்து குளுமைன்னு நெனைச்சுத்தான் தொறப்பாங்க. அது தண்ணிய உறிஞ்சிடும்” என்றார். கைகளை மறைக்கும் முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஈரத்துணி, பக்கக்காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காற்றின் பக்கம் வண்டியைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது, மரக்கூட்டத்தைக் கடந்து வெளியே வரும் கணத்தில் காற்று திடீரென்று அறையும் என்பதால் அதற்கு முன்பே கைப்பிடியை இறுக்குவது என்று அவருக்கு ஒரு பாடத்திட்டமே இருந்தது. “நீங்க சாயாதீங்க, நான் சாயிறேன்” என்பது எனக்கிட்ட கட்டளை. பின்னால் இருப்பவர் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி தடுமாறும்.

அவர் சொன்ன இன்னொன்றை அன்று இரவு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். “அங்க தண்ணி குடிக்கிறது தாகத்துக்கு இல்ல சேர், நேரத்துக்கு.” காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடுவதால் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்று தெரிவதில்லை. தாகம் எடுக்கும்போது காலம் கடந்திருக்கும். அவர் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தினார். மடு வீதிச் சந்தியை அடைந்தபோது என் கறுப்புச் சட்டையின் முதுகில் உப்பு கோடு கோடாகப் படிந்திருந்தது. நனைந்த நினைவு எனக்கு இல்லை.

நேரத்துக்குத் தண்ணீர் குடிப்பதற்கு முதலில் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். வடக்குப் பாதையில் நடந்தவர் குடித்தது கிடைத்த இடத்தில். இன்று அதே வழியில் போகிறவருக்குக் கண் நிறையக் குளங்கள் தெரிகின்றன. முருங்கனை அடுத்து கட்டுக்கரைக் குளம் கடலைப்போல் விரிந்து கிடக்கிறது. ஆனால் கோப்பிக்காலத்தில் அது உடைந்து தூர்ந்த குளம். அது புனரமைக்கப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். கலாவெவ திருத்தப்பட்டதோ 1887இல். 1840களில் நடந்தவர்கள் கைவிடப்பட்ட ஒரு நீர்ப்பாசன நாகரிகத்தின் வெடித்த வண்டலைக் கடந்து போனார்கள். எஞ்சிய சேற்றுக்குட்டைகளில் ஆடுமாடும், காட்டு விலங்கும், முந்திய நாள் கூட்டமும் குடித்த நீரையே அவர்களும் குடித்தார்கள். வாந்திபேதி பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நோயாளியைச் சுமந்துகொண்டு அடுத்த நீர்நிலைக்குப் போனால் சுமப்பவரும் விழுவார் என்பதால், விழுந்தவரைப் பாதையோரம் விட்டுச் சென்ற கூட்டங்கள் பல.

எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரையான காலத்தில் எழுபதாயிரம் பேர், அதாவது வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர், இறந்திருக்கலாம் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேர்வர்’ பத்திரிகை மதிப்பிட்டது. பாதையில் இறந்தவர்களோடு தோட்டங்களில் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. பின்வந்த ஆய்வாளர்களில் சிலர் இந்த எண் மிகை என்கிறார்கள். இருக்கலாம். பத்திரிகையாளர் எண்களை எப்படி எட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பி எத்தனை அந்தர் ஏற்றுமதியானது என்பதை ஆண்டுதோறும் எழுதி வைத்த அரசாங்கத்திடம், அந்தப் பத்திரிகையை மறுக்கப் போதிய மரணப் பதிவு இருக்கவில்லை.

1858இல், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், குடிவரவுத் தொழிலாளருக்கென ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. பாதையில் தங்குமடங்களும் கிணறுகளும் தோன்றத் தொடங்கின. சாவு குறைந்தது, நிற்கவில்லை. பின்னர் கோப்பியை 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் அழித்தது. தேயிலை வந்தது. பருவத்துக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கலானார்கள். ரயில்பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் எட்டியது. வட்டவளை நிலையம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. வறள்நிலத்துக்கோ 1914இல்தான் ரயில் வந்தது. பாம்பன் பாலமும் மதவாச்சி–தலைமன்னார் பாதையும் அந்த ஆண்டே திறக்கப்பட்டன. மண்டபம் முகாமிலே தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, மறுகரையில் ரயிலேற்றினார்கள்.

மன்னார்த் தீவுக்குள் நுழையும் தாம்போதியில்தான் எங்களுக்குக் கடும் சோதனை. இருபுறமும் ஆழமற்ற கடல், மறைப்பு எதுவுமில்லை. வண்டி ஒரு முழம் வலப்புறம் தள்ளப்பட்டு மறுபடி நேராவதை உணர முடிந்தது. தீவின் தென்கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. ‘தம்பபவனி’ என்ற பெயரில் 2020ஆம் ஆண்டிறுதியில் திறக்கப்பட்டவை. முன்னோரை வாட்டிய காற்று இன்று மின்கட்டணக் கணக்கில் வந்திருக்கிறது. அதன் பயன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு என்று மன்னார் மக்கள் தொடுக்கும் வழக்கு தனிக்கதை.

பேசாலையில் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கியபோது தம்பியிடம் கேட்டேன், தோஹாவுக்குப் போக எவ்வளவு செலவு என்று. முகவருக்குக் கொடுத்த தொகையைச் சொன்னார். அதை அடைக்கவே முதல் பதினான்கு மாதச் சம்பளம் போயிற்றாம். கட்டாரில் கோடைகாலத்தில் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை திறந்தவெளி வேலைக்கு 2021 முதல் தடை உண்டு. அப்படியொரு விதி வடக்குப் பாதையில் இருக்கவில்லை. ஆனால் முற்பணக் கடனோடு காற்றுக்குள் இறங்குவது அவருக்கும் அவருடைய பாட்டனின் பாட்டனுக்கும் பொதுவாக இருந்தது. ‘துண்டு’ என்றால் என்னவென்று நான் விளக்கப் புகுந்தபோது அவர் சிரித்தார். அவருடைய பாட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாராம்.

2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் என்ற நினைவையொட்டி, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு இதே வழியில் நடந்தது. வழியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் தண்ணீர் கொடுத்தார்கள். பதினாறு நாள் நடந்தவர்களுக்கு முன்னோர் புதைந்த இடம் இதுவென்று காட்ட ஒரு கல்லும் வழியில் இருக்கவில்லை. கல்வெட்டு வைக்க இடம் தேடுவதும் கடினம். முழுப்பாதையுமே அந்த இடம்.

தலைமன்னார் பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த தூண்கள் வரை போனோம். இந்தத் துறை வந்தவர்களை மட்டும் கண்டதல்ல. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரை நாடற்றவராக்கின. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அதே ஆண்டு டிசெம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், அவர்கள் ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். ஹட்டனில் அவர்களை ஏற்றிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ரொசல்லை கடந்து அது வட்டவளை நிலையத்தில் நிற்கும்போது, மேடையில் நின்றவர்கள் சன்னலுக்குள் கைநீட்டி அழுவார்களாம். அப்படிப் போனவர்களில் தம்பியுடைய பாட்டியின் அண்ணனும் ஒருவர். நீலகிரியில் தமிழக அரசு தாயகம் திரும்பியோரின் மீள்குடியேற்றத்துக்கென உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே இறந்தார்.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் போர் ரயிலையும் நிறுத்தியது. தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது 2015 மார்ச்சில். தம்பி தூண்களைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துப் பாட்டிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. காற்றில் பாதி கேட்கவில்லை. அண்ணன் ஏறிய இடம் இதுதானா என்று மூன்று முறை கேட்டார் பாட்டி. பிறகு, அங்கே மழையா என்று கேட்டார்.